சரளைப் பாதைச் சைக்கிளோட்டம்: சென்னையின் மேற்குப் புறநகர்

சரளைப் பாதைச் சைக்கிளோட்டம் என்பது தார் போடாத மண் சாலை, சரளைச் சாலை, ஏரிக்கரை, கால்வாய்க்கரை ஆகியவற்றின் வழியாக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் முறையாகும். தார்ச்சாலைப் பந்தய சைக்கிளின் வேகமும் மலைப்பாதை சைக்கிளின் உறுதியும் சேர்ந்த ஒரு வண்டி இதற்குப் பயன்படுகிறது. உலக அளவில் இது 21ஆம் நூற்றாண்டில் தனி விளையாட்டாக வளர்ந்தது. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பகுதி இதற்கு இயல்பாகவே அமைந்த நிலம். நெருக்கமான ஏரிகள், அவற்றை இணைக்கும் வாய்க்கால்கள், செம்மண்ணும் சரளையும் கலந்த மேடுகள், வடமேற்கே பூண்டியை அடுத்துத் தொடங்கும் சிறு குன்றுகள் என எல்லாமே ஒரு காலைப் பொழுதின் ஓட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இந்தியாவின் பெயர்பெற்ற சைக்கிள் தொழிற்சாலைகளில் ஒன்று தோன்றியதும் இதே பகுதியில்தான்.

சொல்லும் பொருளும்

பொடிக்கல் கலந்த கரடான மண்ணைத் தமிழில் சரளை என்கிறோம். திருவள்ளூர் மாவட்டத்தில் ஒப்பந்ததாரரும் லாரி ஓட்டுநரும் அதைக் ‘கிராவல்’ என்றே சொல்வார்கள். ‘கிராவல் அடித்த ரோடு’ என்றால் எப்படிப்பட்ட சாலை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏரியின் அடியிலிருந்து எடுக்கும் மண் சவுடு. சாலைக்கு அடியில் பரப்பும் உடைகல் ஜல்லி. இந்த வேறுபாடுகள் சைக்கிள் ஓட்டுபவருக்கு முக்கியமானவை. கெட்டித்த சரளையில் சக்கரம் சீராக உருளும். புதிதாகக் கொட்டிய ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கும். சவுடும் களிமண்ணும் நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுழல விடாது.

வண்டிக்குத் தமிழில் மிதிவண்டி, ஈருருளி என்ற சொற்கள் உண்டு. ஈழத்தில் துவிச்சக்கர வண்டி என்று எழுதுவது வழக்கம். பேச்சில் எங்கும் சைக்கிள்தான். இக்கட்டுரையும் அதையே பயன்படுத்துகிறது.

நில அமைப்பு

அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் ஏறத்தாழ சமதளத்தில் உள்ளவை. ஆனால் இது முழுக்க வண்டல் சமவெளி அல்ல. கடற்கரையிலிருந்து மேற்கே வரவர, மணலும் களியும் குறைந்து செம்புரைக்கல் சார்ந்த சிவந்த மேட்டு நிலம் இடையிடையே தலைகாட்டுகிறது. செங்குன்றம் என்ற ஊர்ப் பெயரிலேயே அந்த நிறம் இருக்கிறது.

பூண்டியைத் தாண்டி வடமேற்கே சென்றால் அல்லிக்குழி மலை, சத்தியவேடு, நாகலாபுரம் என மேடுகள் உயரத் தொடங்குகின்றன. இங்குள்ள குன்றுகளில் கூழாங்கற்கள் இறுகிக் கெட்டித்து உருவான பாறைப் படிவங்கள் காணப்படுகின்றன. மழையும் வெயிலும் அவற்றைக் கரைக்கக் கரைக்க, உள்ளே இருந்த உருண்டைக் கற்கள் விடுபட்டுச் சரிவுகளில் பரவுகின்றன. இங்கே ஓடும் வண்டியின் சக்கரத்துக்கு அடியில் நொறுங்கும் சரளை, குவாரியிலிருந்து வந்ததல்ல, மலையே உதிர்த்தது.

அந்தக் கற்களுக்கு மனிதரோடு நீண்ட உறவு உண்டு. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டனர். பிற்காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவரது குழுவினரும் அங்கே விரிவாக அகழாய்வு செய்தனர். அங்குள்ள தொன்மையான கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இலும், அடுத்த கட்டக் கருவித் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது என்று 2018இலும் அவர்களது ஆய்வுகள் வெளிவந்தன. அந்தக் கருவிகள் குவார்ட்சைட் கூழாங்கற்களைத் தட்டிச் செதுக்கியவை. பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் இத்தகைய கருவிகளைப் பார்க்கலாம். காலை முழுதும் இந்தக் கற்களின் மேல் சைக்கிள் ஓட்டிவிட்டு, கைவியர்வை உலராமல் அங்குள்ள கண்ணாடிப் பேழையின் முன் நிற்பவருக்கு, தான் வந்த பாதையின் வயது புரியும்.

ஏரிகளும் கரைகளும்

திருவள்ளூர் மாவட்டம் 1997இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். மேற்குப் புறநகரில் கொரட்டூர், அம்பத்தூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, திருநின்றவூர், நேமம், செம்பரம்பாக்கம் என ஏரிகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தாங்கல், பாக்கம், ஏரி என்று முடியும் ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் தொட்டுக்கொண்டே போனால், பழைய நீர்வழிகள் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும்.

இங்குள்ள பெரிய நீர்த்தேக்கங்கள் சென்னையின் குடிநீருக்கு ஆதாரம். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. புழல் ஏரி 1876இல் நகரின் குடிநீருக்காக மேம்படுத்தப்பட்டது. கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 3,231 மில்லியன் கன அடி கொள்ளும். சென்னை மேயராக இருந்து அத்திட்டத்துக்காக உழைத்த சத்தியமூர்த்தியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆந்திராவின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீர், ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையைத் தொட்டு, சுமார் 25 கி.மீ. கால்வாயில் ஓடி பூண்டியை அடைகிறது. கூவம் ஆற்றில் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பங்காரு கால்வாய் செம்பரம்பாக்கத்துக்கு நீர் கொண்டுசெல்கிறது. கண்ணன்கோட்டை – தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது.

இந்த ஏற்பாடு முழுவதுக்கும் கரை உண்டு. கரையின் மேல் பாதை உண்டு. மதகைத் திறந்து மூட ஆள் போகவும், கரை உடைப்பைப் பார்க்கவும், மாடு ஓட்டவும், அக்கரைக் கழனிக்கு உரமூட்டை கொண்டுபோகவும் ஏற்பட்ட பாதை அது. அதன் அகலம் பெரும்பாலும் ஒரு மாட்டுவண்டியின் அகலம். ஒருபுறம் நீர், மறுபுறம் பத்துப் பன்னிரண்டடி பள்ளத்தில் ஆயக்கட்டு வயல் அல்லது வயல் இருந்த இடத்தில் எழுந்த வீடுகள். கரை ஏரியின் வளைவுக்கு ஏற்ப வளைந்து வளைந்து போகும். மதகு வரும் இடத்தில் கல்தூண்கள் இரண்டு நிற்கும். கலங்கல் வரும் இடத்தில் பாதை சட்டென்று தாழ்ந்து மறுபடி ஏறும். மழை முடிந்த தை மாதக் காலையில் கலங்கலின் கருங்கல் மேல் இன்னும் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். அங்கே இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, பாசி வழுக்காமல் கால் வைத்துக் கடப்பதும் ஓட்டத்தின் ஒரு பகுதிதான்.

சைக்கிள் பிறந்த ஊர்

அம்பத்தூருக்கும் சைக்கிளுக்கும் உள்ள தொடர்பு விடுதலைக்குப் பிந்தைய தொழில் வரலாற்றின் ஒரு பகுதி. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அம்பத்தூரில் ஆலை அமைந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் ஆகிய பெயர்களில் வண்டிகள் வெளிவந்தன. எஃகுக் குழாய் செய்வதற்காக 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவும், செயின் செய்வதற்காக 1960இல் டி.ஐ. டைமண்ட் செயினும் தோன்றின. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலையில், உள்ளூர்க்காரர் வாயில் சி.டி.எச். ரோட்டில், ‘டி.ஐ. சைக்கிள்ஸ்’ என்பது இன்றும் பேருந்து நிறுத்தத்தின் பெயர்.

ஹெர்குலிஸ் போன்ற பழைய ரோடுஸ்டர் வண்டியைச் சரளைப் பாதையின் கண்ணோடு பார்க்க வேண்டும். அதன் டயர் அளவு 28 × 1½ அங்குலம். இன்றைய அளவீட்டில் அகலம் ஏறத்தாழ 40 மி.மீ. இன்று சரளை சைக்கிளுக்கென விற்கப்படும் டயர்களில் பரவலான அகலங்களில் ஒன்றும் 40 மி.மீ.தான். ரோடுஸ்டரின் நீண்ட சக்கர இடைவெளியும் சாய்வான முன்கவையும் குண்டு குழியின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அமைந்தவை. அதற்குக் கியர் கிடையாது, ராடு பிரேக், எடையும் அதிகம். ஆனாலும் மண் சாலைக்கு எந்த டயர் வேண்டும் என்பதில் அதை வடிவமைத்தவர்கள் தவறவில்லை. பால் கேன்களை இருபுறமும் கட்டிக்கொண்டு கருக்கலில் ஏரிக்கரையோரம் டவுனுக்கு வந்த பால்காரரும், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வரப்போரப் பாதையில் மிதித்த ஆலைத் தொழிலாளியும் ஓட்டியது சரளைப் பாதைதான். அதற்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் சைக்கிள் சமூக மாற்றத்தின் கருவியாகவும் இருந்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பள்ளி மாணவர்க்கு அரசு இலவச சைக்கிள் வழங்கும் திட்டம் 2001–02இல் பட்டியலின, பழங்குடி மாணவியரிடம் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்டது. மேற்குப் புறநகரின் கிராமங்களில் பள்ளி விடும் நேரத்தில் கரைப் பாதையில் வரிசையாக வரும் சைக்கிள்களைக் கண்டால், இந்தப் பாதையை அதிகம் அறிந்தவர்கள் யார் என்பது தெரியும்.

உலக வரலாறு

தார் போடாத பாதையை விரும்பித் தேடி ஓட்டுபவர்கள் நெடுங்காலமாகவே உண்டு. இங்கிலாந்தில் 1955இல் ‘ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்’ என்ற சங்கம் கரட்டுப் பாதைப் பயணத்துக்கென்றே உருவானது. ஆவடியில் சைக்கிள் குழாய் செய்யத் தொடங்கிய ஆண்டும் அதுவே. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் வெண்ணிறச் சுண்ணாம்பு மண் சாலைகளைக் காக்கும் நோக்கத்தோடு 1997இல் ‘லெரோயிகா’ பயணம் தொடங்கியது. பழைய சைக்கிளில்தான் கலந்துகொள்ள வேண்டும் என்பது அதன் விதி. சாலையைக் காப்பாற்ற அதில் சைக்கிள் ஓட்டிக்காட்டுவது என்ற அந்த எண்ணம், ஏரிக்கரைகளைப் பற்றிக் கவலைப்படும் நம் ஊருக்கும் பொருந்தும்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், எம்போரியா நகரைச் சுற்றியுள்ள ஃபிளிண்ட் ஹில்ஸ் புல்மேடுகளில் 2006இல் 200 மைல் சரளைப் பந்தயம் ஒன்று தொடங்கியது. இன்று ‘அன்பவுண்ட் கிராவல்’ என்ற பெயரில் அது இத்துறையின் மிகப் புகழ்பெற்ற போட்டி. அடுத்த பத்தாண்டில் தயாரிப்பாளர்கள் சரளைக்கென்றே வண்டியும் உதிரிபாகங்களும் செய்யத் தொடங்கினர். சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. 2022இல் முதல் சரளை உலகச் சாம்பியன் போட்டியை இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் நடத்தியது. ஆடவரில் பெல்ஜியத்தின் ஜியான்னி வெர்மீர்ஷும், மகளிரில் பிரான்சின் போலின் ஃபெரான்-பிரேவோவும் வென்றனர்.

வண்டி

சரளை சைக்கிளின் கைப்பிடி, பந்தய சைக்கிளைப் போல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் முனைகள் வெளிப்பக்கமாக அகன்று இருக்கும். இறக்கத்தில் அகலமாகப் பிடித்துக்கொள்ள இது உதவும். டயர் அகலம் 35 முதல் 50 மி.மீ. வரை. பிரேக் டிஸ்க் வகை. சேறும் ஈரமும் பட்டாலும் பிடிக்கும். கியர்கள் ஏற்றத்துக்கு ஏற்றபடி மிக இலகுவான நிலைவரை இறங்கும். சக்கரங்களுக்கு இடையிலான நீளம் சற்று அதிகம் என்பதால் வண்டி நிலையாகப் போகும்.

இவற்றில் மிக முக்கியமானது காற்றழுத்தம். தார்ச்சாலையின் ஒல்லி டயரில் 80 பி.எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் நிரப்புபவர், சரளையில் 40 மி.மீ. டயருக்கு 30 முதல் 40 பி.எஸ்.ஐ. வரை வைத்தால் போதும். காற்று அதிகமானால் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் எகிறும், பிடிமானம் போகும், உடலும் வலிக்கும். அளவாகக் குறைத்தால் டயர் கல்லைச் சுற்றி மடிந்து கடந்துபோகும். ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப இந்த அளவு மாறும். மிகக் குறைத்தால் சக்கர வளையம் கல்லில் இடிக்கும். நாலைந்து ஓட்டங்களில் ஒவ்வொருவரும் தமக்குரிய அளவைக் கண்டுகொள்கிறார்கள்.

இதற்கென விலையுயர்ந்த வண்டி கட்டாயமில்லை. அகலமான டயர் ஏற்ற இடமிருக்கும் எந்த சைக்கிளும் மேற்குப் புறநகரின் கரைகளுக்குப் போதும். கியர் உள்ள சாதாரண ஹைபிரிட் வண்டியில் பூண்டிவரை போய் வரலாம்.

முள்ளும் பஞ்சரும்

இப்பகுதியில் சரளை ஓட்டத்தின் முதன்மை இடையூறு சீமைக் கருவேல முள். ஏரி உள்வாயிலும் கரைச் சரிவிலும் அடர்ந்து வளரும் இம்மரத்தை வெட்டிப் போடும்போது, காய்ந்த கிளைகள் பாதையில் சிதறுகின்றன. முள் டயரைத் துளைத்ததும் முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். டியூபை மட்டும் மாற்றி ஓட்டினால் சற்றுத் தூரத்தில் மறுபடி காற்று இறங்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் டயரின் உட்புறம் முழுதும் விரல் நுனியால் மெல்லத் தடவி, முள்முனையைக் கண்டு, நகத்தாலோ ஊக்காலோ பிடுங்கிய பிறகே டியூபைத் தொடுவார்கள்.

ஊர்க்கோடிப் பஞ்சர் கடையில் இந்த வேலை நடப்பதைப் பார்த்தாலே பாதிக் கல்வி கிடைத்துவிடும். கடைக்காரர் காற்றடித்த டியூபை அழுக்குத் தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிச் சுற்றுவார். குமிழி வரும் இடத்தில் கட்டைவிரல் நிற்கும். துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதி உலர்த்தி, பேட்ச் வைத்துத் தட்டுவார். அதோடு விடாமல் மறுபடி தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார். ஒரு முள் குத்திய டயரில் இரண்டாவதும் இருக்கும் என்பது அவருடைய அனுபவம். டியூப் இல்லாத டயருக்குள் அடைப்புத் திரவம் ஊற்றி ஓட்டுவது புதிய முறை. முள் குத்திய இடத்தில் திரவம் கசிந்து தானே உறைந்து அடைத்துக்கொள்ளும். கருவேல முள் நாட்டுக்கு இது பெரிய நிவாரணம். ஆனால் வெக்கையில் திரவம் சீக்கிரம் உலர்ந்துவிடுவதால் அவ்வப்போது பார்த்து நிரப்ப வேண்டும்.

வழித்தடங்கள்

சென்னை – அரக்கோணம் புறநகர் ரயில் பாதை இப்பகுதியின் முதுகெலும்பு. பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி, இந்து கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் எனத் திருவள்ளூர்வரை நிலையங்கள் நீள்கின்றன. பாதையிலிருந்து வடக்கே திரும்பினால் கொசஸ்தலைப் படுகை. தெற்கே திரும்பினால் கூவம் படுகை. வழி தவறினாலும் தண்டவாளம் தேடி வந்துவிடலாம்.

ஏரி வழி: ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு, கூவம் ஆறு, திருவேற்காடு, பூந்தமல்லி. தொடங்குபவர்க்கு ஏற்ற குறுகிய சுற்று. பருத்திப்பட்டு ஏரியில் 2019இல் பசுமைப் பூங்கா திறக்கப்பட்டது. அங்குள்ள பாதை நடப்போருக்கானது. சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டுப் பறவை பார்க்கலாம். கூழைக்கடா, நீர்க்காகம், மீன்கொத்தி, நாமக்கோழி ஆகியவற்றை அங்கே காணலாம்.

செம்பரம்பாக்க வழி: பூந்தமல்லியிலிருந்து திருமழிசை, நேமம் பக்கமாக. திருக்கச்சி நம்பிகள் பிறந்த பூந்தமல்லியையும் திருமழிசை ஆழ்வார் பிறந்த திருமழிசையையும் தொட்டுச் செல்லும். பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில் மிகுந்த கவனம் தேவை.

வயல் வழி: திருநின்றவூரிலிருந்து பாக்கம், வெங்கல், சீத்தஞ்சேரி. மனதுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊரில் தொடங்கி, நெல் வயல்களையும் கொசஸ்தலை ஆற்றையும் கடந்து காட்டோரத்தை அடைகிறது. போக்குவரத்து குறையக் குறைய, சக்கரத்தின் அடியில் சரளை நொறுங்கும் ஓசை தெளிவாகக் கேட்கத் தொடங்கும்.

குன்று வழி: திருவள்ளூரிலிருந்து பூண்டி, குடியம், சீத்தஞ்சேரி, ஊத்துக்கோட்டை. மேற்குப் புறநகரிலிருந்து ஒரே நாளில் எட்டக்கூடிய உண்மையான மேட்டு நிலப் பாதை இது. நீண்ட ஏற்றங்கள் இல்லை. ஆனால் சிறு சிறு ஏற்ற இறக்கங்கள் ஓயாமல் வந்து காலைச் சோதிக்கும். குடியம் குகைகளின் கூரையிலேயே கூழாங்கற்கள் பதிந்திருப்பதைக் காணலாம். ஊரிலிருந்து குகைவரை செல்லும் காட்டுப்பாதை சைக்கிளுக்கு உகந்ததல்ல. வனத்துறை விதிகளை அறிந்து, வண்டியை ஊரிலேயே விட்டுவிட்டு நடந்து செல்வது முறை.

எல்லை வழி: ஊத்துக்கோட்டையிலிருந்து ஆந்திராவின் சுருட்டப்பள்ளி, நாகலாபுரம். சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் சுருட்டப்பள்ளிக் கோயிலைத் தாண்டினால் மலைகள் நெருங்கி வரும். நாள் முழுதும் ஓட்டப் பழகியவர்களுக்கே இது ஏற்றது.

பருவமும் பொழுதும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்கிறது. மழை ஓய்ந்தபின் ஜனவரியும் பிப்ரவரியும் சிறந்த மாதங்கள்: ஏரி நிறைந்திருக்கும், புழுதி அடங்கியிருக்கும், சரளை இறுகியிருக்கும். மார்ச் முதல் வெயில் ஏறும். மே மாதக் கத்திரி வெயிலில் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மாலை இடிமழை பெய்யும் என்பதால் அப்போதும் காலையே நல்லது.

சரளையில் மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வேகம் இயல்பானது. தார்ச்சாலையில் இரண்டு மணி நேரத்தில் முடியும் தூரத்துக்கு இங்கே மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். கரைப் பாதையில் கடை கிடையாது. இரண்டு பாட்டில் தண்ணீர், மாற்று டியூப், கைப்பம்பு, கடலை மிட்டாய் ஆகியவை கட்டாயம். தெருநாய்கள் துரத்தினால் வேகம் கூட்டாமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மண் லாரி போகும் சாலைகளைத் தவிர்ப்பது நல்லது.

சைக்கிள் குழுக்கள்

சென்னையில் சைக்கிள் ஓட்டம் பல வடிவங்களில் வேரூன்றியுள்ளது. டபிள்யூ.சி.சி.ஜி. என்ற சைக்கிள் குழு பகுதிவாரியாகக் காலை ஓட்டங்கள் நடத்துகிறது. சைக்கிளிங் யோகிஸ் குழு கோயில், கல்வெட்டு, பழைய கட்டடம் எனப் பாரம்பரிய இடங்களுக்குச் சைக்கிள் ஓட்டுபவர்களை அழைத்துச் செல்கிறது. மெட்ராஸ் ரான்டனியர்ஸ் 200 கி.மீ. முதல் தொடங்கும் நெடுந்தூர ஓட்டங்களை நடத்துகிறது, 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம். பீட்டர் வான் கெய்ட் 2008இல் தொடங்கிய சென்னை டிரெக்கிங் கிளப், நாகலாபுரம் மலைகளைச் சென்னை இளைஞர்களிடம் பரவலாக அறிமுகம் செய்ததோடு நீர்நிலைத் தூய்மைப் பணிகளையும் நடத்தியது. சரளை ஓட்டத்துக்கு இவற்றின் அனுபவம் எல்லாமே உதவும்: தூரத்தைத் தாங்க, இடத்தை அறிய, மலையை மதிக்க.

கரையின் நெறிகள்

ஏரிக்கரை என்பது நீரைத் தாங்கும் மண் அணை. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதையும் அடையாற்றங்கரை மூழ்கியதையும் சென்னை மறக்காது. கரை எத்தனை பேரின் உயிருக்குப் பொறுப்பு என்பதை அந்நாள் காட்டியது. எனவே கரையில் சைக்கிள் ஓட்டுபவர்க்குச் சில நெறிகள் உண்டு.

மழைக்காலத்தில் ஊறிய மண் கரையில் ஓட்டக் கூடாது. ஈர மண்ணில் டயர் பதித்த கோடு அடுத்த மழையில் சிறு ஓடையாகும், ஓடை அரிப்பாகும். குடிநீர் நீர்த்தேக்கங்களின் கரைகளில் நீர்வளத்துறை அனுமதித்த இடத்துக்கு மேல் போகக் கூடாது. எதிரே மாடு வந்தால் இறங்கி ஓரம் நிற்க வேண்டும். பாதை முதலில் அதற்குரியது. மதகின் மேல் ஏறி நின்று படம் எடுப்பதும், வயல் வரப்பில் சக்கரம் ஏற்றுவதும், குப்பை போடுவதும் கூடாது.

எதிர்காலம்

மேற்குப் புறநகர் வேகமாக நகரமாகிவருகிறது. ஆவடி 2019இல் மாநகராட்சியானது. வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கி.மீ. நீளத்துக்கு இப்பகுதியை வெட்டிச் செல்கிறது. கொரட்டூர் ஏரியில் கலந்த கழிவுநீரை எதிர்த்து அப்பகுதி மக்கள் இயக்கமாகத் திரண்டு பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றார்கள். ஏரிகளைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்த 2017இல் அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் கொண்டுவந்தது.

ஏரிகளை அழகுபடுத்தும்போது கரை முழுதும் கான்கிரீட் போடுவது இப்போது வழக்கமாகிவருகிறது. நடக்க அது வசதிதான். ஆனால் மண் கரையில் புல் வளரும். பூச்சியும் பறவையும் பிழைக்கும். கரையில் விரிசலோ ஊற்றுக்கண்ணோ இருந்தால் கண்ணில் படும். கரையின் ஒரு பகுதியையாவது கெட்டித்த சரளையாக விட்டுவைப்பது ஏரிக்கும் நல்லது, அதைச் சுற்றி வருபவர்க்கும் நல்லது. ஆளே போகாத கரையைத்தான் கருவேலமும் ஆக்கிரமிப்பும் முதலில் விழுங்குகின்றன. வாரம் ஒருமுறை ஒரே ஏரியைச் சுற்றுபவர், சென்ற வாரம் இல்லாத மண்மேட்டையும், புதிதாகத் திறந்த கழிவுக்குழாயையும், மதகடியில் கசியும் நீரையும் தவறாமல் பார்ப்பார். அதைப் படமெடுத்து ஊராட்சிக்கும் நீர்வளத்துறைக்கும் தெரிவித்தால், பழைய காலத்தில் ஊர் நியமித்த ஏரிக் காவலரின் வேலையில் ஒரு பங்கை அவர் ஏற்றுக்கொள்கிறார். சரளைப் பாதைச் சைக்கிளோட்டம் இந்த மண்ணில் நிலைக்க அதுவே உறுதியான வழி: ஏரி இருக்கும்வரை கரை இருக்கும், கரை இருக்கும்வரை ஓட்டம் இருக்கும்.